புல்வெளியில் பெற்ற காணி

ஐக்கிய அமெரிக்காவின் நடுப்பகுதியிலே, நெபராஸ்கா மாநிலத்திலுள்ள பியாட்ரிஸ் என்னும் சிறு நகரத்துக்கு அருகில், முதற் குடியேற்றக்காரரின் வாழ்வைக் காட்டும் வரலாற்றுப் பூங்கா ஒன்று உண்டு. வானளாவும் மலையோ, வீழும் அருவியோ அங்கில்லை. காற்றில் அசையும் நெடும்புல்லும், ஒரு மரக்குடிலும், ஒரு சிறு பாடசாலையுமே அங்கு காணத்தக்கவை. ஆயினும் காணியற்ற மனிதன் காணிக்காக எதனைத் தாங்குவான் என்பதை அறிய விரும்புவோர் அவசியம் காணவேண்டிய இடம் அது.

1862 மே 20ஆம் நாள் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் கைச்சாத்திட்ட சட்டம், அரசாங்கக் காணியில் 160 ஏக்கர் வரை குடியேற்றக்காரருக்கு வழங்க முன்வந்தது. பதிவுக் கட்டணம் சிறிதே; நிபந்தனையோ பெரிது. வீடு கட்டி, நிலத்தைப் பண்படுத்தி, ஐந்து ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்த பின்னரே உறுதி கைக்கு வரும். கடல் கடந்து வந்த ஏழை உழவரும், கைம்பெண்களும், அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்களும் மனுச் செய்தனர். சட்டம் நடைமுறைக்கு வந்த 1863 சனவரி முதலாம் நாளன்றே மனுச் செய்தவருள் டானியல் ஃப்ரீமன் ஒருவர். அவரது காணியே 1936ஆம் ஆண்டு தேசிய நினைவிடமாக்கப்பட்டது.

ஐந்து ஆண்டு என்று சொல்லுதல் எளிது. அப்புல்வெளியில் மரம் அரிது. ஆதலால் வேரோடு வெட்டிய புற்கட்டிகளைச் செங்கல் போல அடுக்கிப் பலர் வீடு கட்டினர். மழை பெய்தால் கூரை ஒழுகும். 1874இல் வெட்டுக்கிளிக் கூட்டம் பயிரைத் தின்றழித்தது. மனம் சோர்ந்து காணியைக் கைவிட்டுச் சென்றோர் பலர். ஓடைக்கரை மரங்கள் கிடைத்த இடங்களிலே மரக்குடில்கள் எழுந்தன. 1867இல் கட்டப்பட்டு, இன்று பூங்காவில் நிற்கும் குடிலின் உட்புறத்தைக் காண்போர், ஒரு குடும்பம் முழுவதும் எத்துணைச் சிறிய இடத்தில் வாழ்ந்ததென்பதை உணர்வர். 1872 முதல் 1967 வரை நடைபெற்ற பாடசாலை, குடியேறியோர் வேரூன்றியமைக்குச் சான்றாகும்.

ஆனால் அந்நிலம் வெறுநிலமன்று. ஓட்டோ, மிசூரியா என்னும் பழங்குடியினர் அப்பகுதியில் வாழ்ந்து வந்தனர். 1854ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அவர்தம் நிலத்தின் பெரும்பகுதி பறிபோயிற்று. 1881இல் எஞ்சியோரும் தெற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்குப் பெயர்ந்தனர். ஒருவர் பெற்ற உறுதி, மற்றொருவர் இழந்த தாயகத்தின் மீதே எழுதப்பட்டது.

இச்சட்டத்தின்கீழ் ஏறக்குறைய 16 இலட்சம் பேர் உறுதி பெற்றனர். 27 கோடி ஏக்கர் நிலம் கைமாறியது. 1976இல் சட்டம் நீக்கப்பட்டது. அலாஸ்காவில் மட்டும் 1986 வரை நீடித்தது.

கலப்பை கிழித்த அம்மண்ணில், 1939 முதல் பழைய புல்லினங்களை மீண்டும் வளர்த்து வருகின்றனர். சுமார் 100 ஏக்கரில் அப்புல் இன்று செழித்து நிற்கிறது. புல்லை மீட்டுவிட்டனர், அதனிடையே வாழ்ந்த பழங்குடியினரின் நிலம் மீளவில்லை.