பாக்கி நோட்டு சொல்லும் பொறுப்பு

முதலாளி வீடும் தொழிலாளி வீடும் – 9

நிறுவனங்களின் சமூகப் பொறுப்புக்கு 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம் வைத்திருக்கும் அளவு, சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம். சொந்தத் தொழிலாளர்களுக்கு மட்டுமே பயன்படும் செலவு அதில் சேராது. குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிக் கூடங்கள் அந்தச் சட்டம் எட்டாத அளவுக்குச் சிறியவை. அண்ணன் தறியையும் தம்பி நூலையும் பார்த்துக்கொள்ள, கணக்கு வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். இத்தகைய குடும்பத் தொழிலின் பொறுப்பை அறிய, கோயிலுக்கும் பள்ளிக்கும் தந்த நன்கொடையைக் கூட்டிப் பார்த்தால் போதாது. பாக்கி நோட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வேலைக்குச் சேரும்போது தறித் தொழிலாளி வாங்கும் முன்பணத்துக்குத்தான் இங்கே பாக்கி என்று பெயர். அதை வாரக் கூலியில் பிடிப்பது வழக்கமில்லை. விலகும் நாளில் மொத்தமாகக் கட்ட வேண்டும். கட்டப் பணமிருக்காது. ஆகவே புதிய முதலாளி பழைய முதலாளியிடம் கணக்கைத் தீர்த்து ஆளை அழைத்துக்கொள்வார். ஆளோடு கடனும் கூடம் மாறும். குமாரபாளையத்தில் ஆய்வு செய்த மானிடவியலாளர் கீர்ட் டி நேவ் 1999-இல் எழுதிய கட்டுரையில், ஆளைக் கட்டிப்போடத் தந்த பணம் அந்த வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று காட்டினார். ஆள் தட்டுப்பாடு உள்ள ஊரில் தொழிலாளி மேலும் பாக்கி கேட்கிறார், இல்லையென்றால் வேறு கூடத்துக்குப் போகிறார். முதலாளிக்கு முதல் முடங்குகிறது, தொழிலாளிக்குக் கடன் ஏறுகிறது.

தொழிலாளியே கேட்டு வாங்குவதில் முதலாளியின் குற்றமென்ன என்று கேட்கலாம். கல்யாணம், வைத்தியம் என்று வரும் பெருஞ்செலவைக் கூலி தாங்காததால்தான் அவர் கேட்கிறார். பள்ளிபாளையத்தில் கடனில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளர்கள் தரகர்கள் மூலம் சிறுநீரகம் விற்ற செய்தி 2025 ஜூலையில் வெளியானது; அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. அந்தக் கடன் முழுவதும் தறிக்கூடத்தில் வாங்கியது என்று சொல்ல முடியாது; கூலி போதாமல் ஏறிய கடன் என்பதை மறுக்கவும் முடியாது. மேலும், முன்பணத்தைக் காட்டி வேறு வேலைக்குப் போகும் உரிமையைப் பறித்தால், விரும்பிக் கைநீட்டி வாங்கியிருந்தாலும் 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கொத்தடிமை முறைதான்.

நூல் வியாபாரிக்குக் கூலிக்கு நெய்து கொடுக்கும் சிறு முதலாளி இஎஸ்ஐ (மருத்துவக் காப்பீடு), பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) எல்லாம் எப்படிக் கட்டுவார் என்பது இதைவிட வலுவான கேள்வி. இஎஸ்ஐக்கு மட்டும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஆளுக்கு 50,000 ரூபாய் பாக்கி என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் மாதம் 500 ரூபாய் முதலாளி கையைவிட்டுப் போகிறது. மாதம் 15,000 ரூபாய் கூலிக்கு இஎஸ்ஐயில் முதலாளி பங்கான 3.25 சதவீதம் 487 ரூபாய் 50 காசு. வைத்தியச் செலவுக்கென்று தனியாகக் கடன் தருவதைவிட, வைத்தியத்துக்கே பணம் கட்டுவது அதிகச் செலவில்லை. இஎஸ்ஐ பொருந்தும்படி பத்துப் பேருக்குமேல் இருந்தும் மனைவி பெயரிலும் மகன் பெயரிலும் தறிகளைப் பிரித்து எழுதி அதைத் தவிர்ப்பவர்கள் மிச்சம் பிடித்ததைத்தான் பாக்கியாகத் திருப்பித் தருகிறார்கள்.

“எங்களுக்குள் குடும்பம் மாதிரி” என்பார்கள். அந்த உறவு பொய்யில்லை; ஆனால் முதலாளியின் மனசை நம்பி நிற்பது. மகன் பொறுப்பேற்றதும் அது மாறலாம். பதிவேட்டில் ஏறிய பிஎஃப் மாறாது. ஒரு கூடம் மட்டும் பாக்கியை நிறுத்தினால் ஆள் பக்கத்துக் கூடத்துக்குப் போய்விடுவார் என்ற அச்சம் நியாயமானது. அதனால் இது தனி வீட்டு முடிவாக நிற்காது. ஆண்டுதோறும் தீபாவளி போனஸுக்கு உட்காரும் அதே பேச்சுவார்த்தை மேசையில், உரிமையாளர் சங்கமும் தொழிற்சங்கமும் பாக்கிக்கு உச்சவரம்பு, எழுத்தில் தவணை, கடன் மீதியிருந்தாலும் விலகும் உரிமை ஆகியவற்றையும் பேசி முடிக்க வேண்டும்.

(தொடரும்)