ஏழில் ஒன்றா? நாற்பதில் ஒன்றா?

"ஊசி போட்டு ஏதேனும் ஆகிவிட்டால்?" என்று கேட்கின்றனர், பிள்ளையைத் தோளில் சாய்த்த பெற்றோர். கேட்கட்டும்! கேலி செய்வோர் கூட்டத்தில் நாம் இல்லை. ஆனால் தோழர்களே, தராசுக்குத் தட்டு இரண்டு! ஒன்றில் ஊசியை வைத்தீர்கள். மற்றொன்றில் நோயை வைத்தீர்களா?

1721ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெரியம்மை புகுந்தது. அங்கே காட்டன் மேதர் என்றொரு பாதிரியார். அவருக்கு அடிமையாக இருந்தவர் ஒனேசிமஸ் என்ற ஆப்பிரிக்கர். அம்மைக் கொப்புளத்துச் சீழைக் கையில் கீறி வைத்தால் நோய் இலேசாகக் கண்டு நீங்கும், மீண்டும் வாராது என்று தம் நாட்டு வழக்கத்தை அவர் முன்னமே சொல்லியிருந்தார். அடிமையின் சொல்லுக்கு மதிப்பேது என இகழ்ந்தார், பட்டம் பெற்ற மருத்துவர் வில்லியம் டக்ளஸ். (அறிவுக்கும் பிறப்புப் பார்க்கும் அந்தக் குரல் நமக்குப் புதிதா என்ன!)

சாப்டியல் பாயில்ஸ்டன் என்ற மருத்துவர் துணிந்தார். தம் ஆறு வயது மகனுக்குக் கீறினார். தம் வீட்டு அடிமைக்கும் அவர் குழந்தைக்கும் கீறினார். அந்த அடிமையின் சம்மதத்தைக் கேட்டவர் யார்? ஊரோ கொதித்தது. மேதர் வீட்டில் வெடிகுண்டே வீசினர்!

கணக்கைப் பாருங்கள். பாயில்ஸ்டன் கீறியவர் 242 பேர், மாண்டவர் 6. நாற்பதில் ஒருவர். தானாக அம்மை கண்டவர் ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. மாண்டவர் 800க்கு மேல். ஏழில் ஒருவர்!

ஆறு சாவு பொய்யல்ல. மறைப்பவன் நமக்குத் தோழனல்ல. ஆனால், கீறியதால் வந்த சாவுக்குப் பழி சுமத்த ஒரு கை இருக்கிறது. கீறாததால் வந்த சாவுக்கு? விதி என்பர், வீடு திரும்புவர்!

இன்றைய தடுப்பூசி அந்தக் கீறலல்ல. கடும் ஒவ்வாமை, பத்து இலட்சம் ஊசிக்கு ஒன்றிரண்டு. அதற்கும் மருந்து உண்டு. ஊசி போட்டபின் அரைமணி நேரம் உட்காரச் சொல்வது அதற்காகத்தான். தட்டம்மையோ, வசதி மிகுந்த அமெரிக்காவிலேயே, நோய் கண்ட ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று வரை கொல்கிறது.

1736இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்ளினின் நான்கு வயது மகன் பெரியம்மைக்குப் பலியானான். கீறியதால் செத்தான் என்று ஊர் பேசிற்று. மகனைப் புதைத்த தந்தை, தம் ஏட்டிலேயே மறுப்பு அச்சிட்டார்: பிள்ளைக்குக் கீறவேயில்லை; வயிற்றுப்போக்கு நிற்கட்டும், பிறகு கீறலாம் என்று காத்திருந்தாராம்.