மர்மராக் கடலின் அடியில்

துருக்கியின் மர்மராக் கடலில், 1,200 மீட்டருக்கும் மேலான ஆழத்தில் இருக்கிறது சினார்ஜிக் படுகை. அதன் ஓரமாகவே ஓடுகிறது வட அனத்தோலிய நிலப்பிளவு. அந்தப் பிளவைப் படமெடுக்க, கப்பல் இழுத்துச்செல்லும் காற்றுத்துப்பாக்கி எழுப்பும் ஒலி கடல்தரைக்குள் புகுந்து எதிரொலிக்க, நீண்ட கேபிளில் கோத்த ஒலிவாங்கிகள் அதைப் பதிவுசெய்கின்றன. வண்டல் அடுக்குகள் எங்கே முறிந்து சாய்ந்திருக்கின்றன என்பது அந்தப் பதிவிலிருந்து உருவாகும் படத்தில் தெரிந்துவிடும். நிலநடுக்கம் வரும் நாளைச் சொல்லாத படத்துக்கு ஏன் இத்தனை செலவு என்று கேட்கலாம். நாளைச் சொல்லாது, உண்மைதான். ஆனால் பிளவின் நீளமும் போக்கும் தெரிந்தால்தான் எவ்வளவு பெரிய நிலநடுக்கம் வரக்கூடும், எந்தக் கரை கடுமையாகக் குலுங்கும் என்று கணிக்க முடியும். கட்டடங்களை அதற்கேற்ப வலுப்படுத்தவும் முடியும். 1999-இல் இஸ்மித் பகுதியில் 17,000-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது இதே பிளவுதான். அதன் கடலடிப் பகுதி இஸ்தான்புல் நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது.