இரு படைகளின் நடுவே பூவிருந்தவல்லிச் சீமை

சென்னைக் கோட்டையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் நாள்தோறும் எத்தனையோ ஆயிரம் பேர் பிரயாணம் செய்கின்றனர். அம்பத்தூர் என்றால் தொழிற்பேட்டையும், ஆவடி என்றால் யுத்த டாங்கித் தொழிற்சாலையும் அவர்கள் நினைவுக்கு வரும். சரித்திரம் வேண்டுமாயின் காஞ்சிக்கோ மாமல்லபுரத்துக்கோ போக வேண்டும் என்பது பொதுவான எண்ணம். வகுப்பில் பானிப்பட்டு எங்கே என்று கேட்டால் பத்துக் கைகள் உயர்கின்றன. புள்ளலூர் எங்கே என்றால் ஒரு கையும் உயர்வதில்லை. ஆயினும் பானிப்பட்டைப்போலவே புள்ளலூரும் ஒரு முறைக்கு மேல் பெரும்படைகளைக் கண்ட களமாகும்.

வடக்கே வேங்கட மலைக்கும் தெற்கே சோழ நாட்டுக்கும் இடைப்பட்டது தொண்டைநாடு. தக்காணத்துப் பீடபூமியிலிருந்து கணவாய்களின் வழியாக இறங்கும் படை எதுவாயினும் முதலில் காலூன்றும் சமவெளி இதுவே. தெற்கிலிருந்து வடக்கே கிளம்பும் படைக்கும் இதுவே வழி. பாலாறும் கொசத்தலையாறும் வருஷத்தில் பெரும்பகுதி மணலாகவே கிடப்பவை. எனவே இந்நாட்டு மக்கள் மழை நீரை ஏரிகளில் தேக்கி நெல் விளைவித்தார்கள். செம்பரம்பாக்கம் ஏரியை அறியாதார் யார்? அதைப்போல் சிறிதும் பெரிதுமாக ஊருக்கு ஓர் ஏரி இருந்தது. ஏரி இருந்ததால் நெல் இருந்தது. நெல் இருந்ததால் படைகள் வந்தன. வந்த படை ஒரு கரையை உடைத்துவிட்டுப் போனால் அவ்வூர் மீண்டும் தலையெடுக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

இம்மண்ணின் மிகப் பழைய கதையும் ஒரு போர்க்கதையே. புழலில் கோட்டை கட்டி ஆண்ட குறும்பரை எதிர்த்து வந்த தொண்டைமான், முதலில் தோற்றுத் திரும்பும்போது அவன் யானையின் கால் முல்லைக் கொடியிற் சிக்கிக்கொண்டதாம். கொடியை வாளால் வெட்ட, அடியில் இருந்த சிவலிங்கத்தின்மேல் வாள் பட்டதென்றும், இறைவன் அருளால் பின்னர் வெற்றி கிடைத்ததென்றும் திருமுல்லைவாயில் தல புராணம் கூறும். குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவந்தவை எனப்படும் வெள்ளெருக்குத் தூண்கள் இரண்டை இன்றும் அக்கோயிலில் காணலாம். நந்தியும் சுவாமியை நோக்காமல், அரசனுக்குத் துணையாகப் புறப்பட்டதுபோல் வெளிப்புறம் நோக்கியே அமர்ந்திருக்கிறது. இதனைக் கல்வெட்டுச் சான்றாகக் கொள்ளுதற்கில்லை. எனினும் தோற்ற குறும்பரின் நினைவை, வென்றவன் கட்டிய கோயிலே காத்து வைத்திருப்பது கவனிக்கத்தக்கது.

சாஸனங்களின் காலத்துக்கு வருவோம். ஏழாம் நூற்றாண்டில் சளுக்க வேந்தன் இரண்டாம் புலிகேசி பல்லவ நாட்டின்மேல் படையெடுத்தான். காஞ்சிக்கு அண்மையிலுள்ள புள்ளலூரில் பகைவரை மகேந்திரவர்மன் வென்றான் என்று காசாக்குடிச் செப்பேடுகள் கூறுகின்றன. அவன் மகன் நரசிம்மவர்மன், தாம்பரத்துக்கு மேற்கேயுள்ள மணிமங்கலத்தில் சளுக்கரை முறியடித்துப் பிறகு வாதாபிவரை சென்றான். வாதாபியின் வீழ்ச்சியை எல்லோரும் அறிவர். அதற்கு முன் மணிமங்கலத்து வயல்கள் பட்ட பாட்டை எந்தச் செப்பேடும் எழுதவில்லை.

949-ஆம் ஆண்டில் அரக்கோணத்துக்கு அருகிலுள்ள தக்கோலத்தில் இராஷ்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணனும் சோழ இளவரசன் இராஜாதித்தனும் பொருதனர். யானைமேல் இருந்தபடியே இராஜாதித்தன் மாண்டான். தொண்டைநாடு கன்னட அரசனுக்குச் சொந்தமாயிற்று; கோயில்களிலும் ‘கன்னரதேவன்’ ஆட்சியாண்டையிட்டுத் தானங்கள் பொறிக்கப்பட்டன. அந்த ஆண்டுக்கணக்கிலேயே திருவொற்றியூரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இராஜாதித்தனின் உற்ற துணைவனான சேர நாட்டு வீரன் ஒருவன், தலைவனுடன் தானும் மாளாமற்போனதற்கு நாணி, கங்கையில் நீராடித் துறவு பூண்டு, சதுரானன பண்டிதர் என்னும் பெயருடன் திருவொற்றியூர் மடத்தின் தலைவரானார் என்பது அதன் செய்தி. தன் தலைவனைக் கொன்ற அரசனின் ஆண்டைக் குறித்தே அவர் தம் தானத்தைப் பொறிக்க வேண்டியிருந்தது. எல்லை நாட்டு வாழ்வு இன்னதென்பதை இந்த ஒரு கல்லே உணர்த்தும்.

இனிப் பூவிருந்தவல்லிக்கு வருவோம். திருக்கச்சி நம்பிகளின் ஊர் என்று வைஷ்ணவர்கள் போற்றும் இவ்வூரில், 1639-ஆம் ஆண்டில் தாமர்ல ஐயப்ப நாயகர் இருந்தார். அவருடைய தமையனார் வேங்கடப்ப நாயகர் வந்தவாசியிலிருந்து, சந்திரகிரி அரசரின் கீழ் இச்சீமையை ஆண்டவர். அக்காலத்தில் பழவேற்காட்டில் உலாந்தாக்காரரும் சாந்தோமில் போர்த்துகீசியரும் கோட்டை கட்டிக்கொண்டு ஓயாமல் சண்டையிட்டு வந்தனர். இருவருக்கும் நடுவே, தம் தந்தை சென்னப்பர் பெயரால் ஒரு பட்டினத்தை நிறுவினால் சச்சரவு அடங்கும் என்று ஐயப்பர் கருதினாராம். அக்குலத்தவரான அங்கபூபாலர் இயற்றிய ‘உஷாபரிணயம்’ என்னும் தெலுங்குக் காவியம் இவ்விதம் சொல்கிறது. இடம் தேடி அலைந்த ஆங்கிலேயரான பிரான்சிஸ் டேயும் அப்போதுதான் வந்து சேர்ந்தார். இரண்டு பகைவர்க்கு நடுவே அடித்த ஆப்பாகப் பிறந்ததே சென்னைப் பட்டினம். சண்டையை நிறுத்துதற்கு அழைத்து வந்த மூன்றாமவர் பிறகு என்ன செய்தார் என்பதை நாம் விரித்துச் சொல்ல வேண்டுமோ?

அடுத்த சில ஆண்டுகளிலேயே நாயகர் ஆட்சி மறைந்தது. கோல்கொண்டா சுல்தானின் படைகள் வந்தன. பூவிருந்தவல்லியில் கோல்கொண்டா அதிகாரி அமர்ந்து, கோட்டை வெள்ளையருக்கு உணவுப் பண்டங்கள் செல்லும் வழியைத் தம் கைப்பிடியில் வைத்திருந்தார். 1677-இல் சத்ரபதி சிவாஜி இவ்வழியே செஞ்சிக்குப் போகும்போது, சென்னை ஆங்கிலேயரிடம் விஷமுறிவு மருந்துகளைக் கேட்டு எழுதியதாக அவர்களுடைய குறிப்பிலேயே காண்கிறோம். 1687-இல் கோல்கொண்டா ஒளரங்கசீப்பிடம் வீழ்ந்தது. 1702-இல் மொகலாய சேனாபதி தாவூத்கான் சென்னையைச் சில மாதங்கள் முற்றுகையிட்டார். பின்பு ஆர்க்காட்டு நவாபுகள், பிரெஞ்சுக்காரர், மீண்டும் ஆங்கிலேயர். பூவிருந்தவல்லிக் குடியானவனுக்கு வரி கேட்பவரின் பாஷைதான் மாறிக்கொண்டிருந்தது.

1763-இல் நவாபு முகம்மதலி தம் கடனுக்கு ஈடாகச் செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினியாருக்கு ஜாகீராக விட்டார். அச்சீமையின் ஏறத்தாழ 2,000 கிராமங்களை 1767 முதல் பார்னார்டு என்னும் கும்பினி அதிகாரி அளந்து கணக்கெடுத்தார். எந்த ஊரில் எத்தனை வீடு, எவ்வளவு நஞ்சை, கோயிலுக்கு என்ன, வெட்டியானுக்கு என்ன என்றெல்லாம் அதில் உண்டு. அக்கணக்கு முடிந்து பத்தாண்டுகள் ஆகுமுன் அவ்வூர்களிற் பல பாழாயின.

1780-ஆம் ஆண்டு ஜூலையில் ஹைதர் அலி பெருஞ்சேனையுடன் இறங்கினார். வடக்கே குண்டூரிலிருந்து வந்த கர்னல் பெய்லியின் படை, ஆகஸ்டு மாத இறுதியில் கொசத்தலையாற்றை வறண்ட நிலையில் கண்டும் கடக்காமல் வடகரையில் தங்கியது. இரவில் வெள்ளம் வந்துவிட்டது. சில நாட்கள் வீணாயின. செப்டம்பர் 10-ஆம் தேதி, மகேந்திரவர்மன் வென்ற அதே புள்ளலூரில் பெய்லியின் படை அழிந்தது. காஞ்சியிலிருந்த மன்றோ உதவிக்குச் செல்லாமல், பெரிய பீரங்கிகளைக் கோயிற் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். ஆங்கிலேயர் இந்தியாவில் இத்தகைய தோல்வியை அதற்குமுன் கண்டதில்லை. இதைப் படிக்கும்போது நம் நெஞ்சு நிமிர்வது இயற்கையே.

ஆயின் மற்றொன்றையும் மாணவர்க்குச் சொல்லத்தான் வேண்டும். சென்னைக்கு நெல்லும் வைக்கோலும் எட்டாதபடி செய்யும் பொருட்டு, பழவேற்காட்டிலிருந்து புதுச்சேரிவரை, கடற்கரையிலிருந்து முப்பது மைல் அளவுக்கு உள்ளே உள்ள நாட்டை வளையமாக ஹைதரின் குதிரைப்படை எரித்தது. தாம் ஆள விரும்பிய மற்றப் பகுதிகளை அவர் அவ்வளவாகத் தொடவில்லை. பூவிருந்தவல்லி, அம்பத்தூர், ஆவடி யாவும் இந்த வளையத்துக்குள் அடங்கியவை. வீரர் என்று நாம் கொண்டாடும் ஹைதருக்கும், வியாபாரம் செய்ய வந்து நாடாள முற்பட்ட கும்பினிக்கும் இம்மண் வெறும் வைக்கோற்போராகவே இருந்தது. ஒருவர் கொளுத்தினார், மற்றவர் காக்கவில்லை.

1781-ஆம் ஆண்டு ஆகஸ்டில் புள்ளலூரில் மறுபடியும் போர் நடந்தது. அதில் மாண்ட இரண்டு ஆங்கில அதிகாரிகளின் ஞாபகார்த்தமாக எழுப்பிய ஸ்தூபிகள் அவ்வூரில் நிற்கின்றன. ஊரை விட்டோடிய குடிகளுக்கு அத்தகைய கல் கிடையாது. அவர்கள் பசியோடு சென்னையை நோக்கித் திரண்டனர். 1782-இல் நகரின் வடபுறத்தில் அவர்களுக்குக் கஞ்சி வார்க்க ஒரு சத்திரம் ஏற்பட்டது. மணியக்காரர் சத்திரம் என்பது அதன் பெயர். அதனோடு சேர்ந்து வளர்ந்த மருத்துவசாலைதான் இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி. வடசென்னை முதியவர்கள் அதனைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்லி வந்தார்கள்.