பத்தொன்பது வருடக் கோப்பு

மேல்படிப்புக்கு ஆஸ்திரேலியா போகிற பக்கத்து வீட்டுப் பெண் நேற்று சாயங்காலம் விண்ணப்பத்தோடு வந்திருந்தாள். பாஸ்போர்ட் எண், வங்கிக் கணக்கு, அப்பாவின் போன் நம்பர் என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். "இவ்வளவையும் வாங்கி எங்க மாமா வைப்பாங்க?" என்றாள். டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டு அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

கான்பராவில் உள்ளது ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம். 2018 நவம்பர் 9 அன்று அங்கே மூத்த அலுவலர் ஒருவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அவருடைய அஞ்சலைப் பார்க்க அனுமதி பெற்ற இன்னொருவர் அதை முன்னோட்டத்தில் பார்த்தார், அவ்வளவுதான். லிங்க்கை அழுத்தவில்லை, இணைப்பைத் திறக்கவுமில்லை. ஆனாலும் மூத்தவரின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் களவு போயின. தெரியாத லிங்க்கைத் தொடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோமே, அன்று அந்தப் புத்திமதிக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

அதை வைத்து உள்ளே நுழைந்தவர்கள் நிதானமாக வேலை பார்த்தார்கள். அலுவலரின் நாள்காட்டியைப் படித்து, அடுத்த மோசடி அஞ்சல்களை நம்பும்படி எழுதினார்கள். பிறகு தங்குவதற்கு ஓர் இடம் பிடித்தார்கள். அந்த இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். அது விரைவில் கழற்றிவிடுவதாக இருந்த ஒரு பழைய சர்வர். யாருக்கும் பெரிதாகப் பயன்படாதது. ஆனால் பல்கலைக்கழகத்தின் வலைப்பின்னலில் வெகுதூரம் போக அதிலிருந்து வழி இருந்தது. நவம்பர் கடைசியில், வழக்கமான பராமரிப்பில் ஃபயர்வாலை மாற்றியபோது தற்செயலாக அவர்கள் துண்டிக்கப்பட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் இன்னொரு கணினியைப் பிடித்துவிட்டார்கள். அதுவும் பழையதுதான்.

அவர்கள் குறிவைத்தது சம்பளம், நிதி, மாணவர் நிர்வாகம் ஆகிய விவரங்கள் இருந்த பகுதியை. பல்கலைக்கழகத்துக்கு 2019 மே மாதம்தான் விஷயம் தெரிந்தது, ஜூன் 4இல் அறிவித்தார்கள். 19 வருட விவரங்கள், சுமார் 2 லட்சம் பேர் என்று முதலில் கணக்கிட்டார்கள். பயந்த அளவுக்குப் போகவில்லை என்றது அக்டோபரில் வந்த அறிக்கை; ஆனால் போனது எவை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.  பல்கலைக்கழகத்தினர் நடந்ததை நாள்வாரியாக எழுதி ஊருக்கே காட்டினார்கள். மூடி மறைக்காத அந்த நேர்மைக்காக அவர்களை மதிக்கிறேன்.

ஆனாலும் அந்த 19 என்ற எண் என்னை விடவில்லை. மதிப்பெண்ணும் பட்டமும் என்றைக்கும் இருக்கத்தான் வேண்டும். முப்பது வருடம் கழித்தும் ஒருவர் நகல் கேட்டு வருவார். ஆனால் படித்துவிட்டுப் போனவரின் வங்கிக் கணக்கு எதற்கு? அவசரத்துக்கு அழைக்கக் கொடுத்த அப்பாவின் போன் நம்பர் எதற்கு? பூட்டு எவ்வளவு பெரிது என்பதையே பேசுகிறோம். உள்ளே வைத்தே தீர வேண்டியது எது என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். வைத்திராததை யாரும் திருட முடியாது.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், கட்டாயம் என்று போடாத கட்டங்களைக் காலியாக விடச் சொன்னேன். பல்கலைக்கழகக் கணக்குக்குத் தனி பாஸ்வேர்ட், இரண்டடுக்குச் சரிபார்ப்பு. இவை அவள் பங்கு. உங்கள் வீட்டில் யாராவது படித்து முடித்திருந்தால், அந்தக் கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எங்கள் விவரங்களில் எவை இன்னும் உங்களிடம் இருக்கின்றன, எதற்காக, எப்போது அழிப்பீர்கள் என்று கேளுங்கள்.