சர்க்கரை அளவு தெரியும், மனச்சுமை?

டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவமனைக்கு வரும்போது அளக்கப்படுபவை ஏராளம். உயரம், எடை, ரத்த அழுத்தம், ஊசி போடும் இடத்தில் தோல் தடித்திருக்கிறதா என்பது, எல்லாவற்றுக்கும் மேலாக எச்பிஏ1சி. கடந்த இரண்டு மூன்று மாதங்களில் ரத்தச் சர்க்கரை சராசரியாக எந்த அளவில் இருந்தது என்பதை அந்த ஓர் எண் காட்டிக்கொடுத்துவிடும். 7 சதவீதத்தை ஒட்டி இருந்தால் பாராட்டு. 9ஐத் தாண்டினால் விசாரணை. "என்ன சாப்பிட்ட? ஊசியை விட்டுட்டியா?" என்று கேள்விகள் வரும். பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். பதில் அம்மாவிடமிருந்து வரும். இந்த நோயைச் சுமப்பது அந்த இருவருக்கும் எவ்வளவு கனக்கிறது என்பது மட்டும் கோப்பில் ஏறுவதில்லை. அதை அளக்கும் கருவி 1995ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. ரத்தத்தை அளப்பதுபோலவே மனச்சுமையையும் குறித்த இடைவெளியில் அளக்க வேண்டும், பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும், அளந்த அன்றே அதைப் பற்றிப் பேச வேண்டும் என்பதற்கு இன்று போதுமான ஆதாரங்கள் உள்ளன.

சுமை என்று சொல்வது மிகையா என்று பார்ப்போம். டைப் 1 நோயில், உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் இன்சுலினை வெளியிலிருந்து செலுத்தியாக வேண்டும். நாளொன்றுக்கு நான்கு ஊசி, நான்கு முறை விரல் குத்திப் பரிசோதனை என்று வைத்துக்கொண்டாலே ஆண்டுக்கு 2,920 குத்தல்கள். குத்தல்கூடப் பழகிவிடும், பழகாதது கணக்கு. இரண்டு இட்லிக்கு எத்தனை யூனிட், விளையாட்டு பீரியட் இருக்கும் நாளில் எத்தனை குறைக்க வேண்டும், பிறந்தநாள் கேக்கை வாங்கலாமா மறுக்கலாமா என்று தட்டில் கை வைக்கும் முன் ஒரு கணக்கு. இதற்கு ஞாயிறு கிடையாது, முழு ஆண்டு விடுமுறையும் கிடையாது. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2021இல் வெளியிட்ட தொகுப்பின்படி, இந்த நோயோடு வாழும் 20 வயதுக்கு உட்பட்டோர் உலகிலேயே அதிகமாக இருப்பது இந்தியாவில்தான்: சுமார் 2.29 லட்சம் பேர்.

சோர்வு வேறு, மனச்சோர்வு நோய் வேறு

ஓயாத இந்தக் கணக்கிலிருந்து பிறக்கும் எரிச்சல், குற்ற உணர்வு, பயம், 'இனி என்னால் ஆகாது' என்ற சலிப்பு ஆகியவற்றுக்கு நீண்ட காலம் தனிப் பெயர் இல்லை. மருத்துவர் கண்ணில் பட்டால் 'டிப்ரஷன்' என்ற கணக்கில் சேர்க்கப்பட்டது. படாவிட்டால் 'பிடிவாதம்' என்ற கணக்கில். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள ஜாஸ்லின் நீரிழிவு மையத்தில் வில்லியம் போலோன்ஸ்கியும் உடன் பணியாற்றியோரும் 1995இல் இதை 'நீரிழிவு மன உளைச்சல்' என்று தனியே பிரித்துக் காட்டினார்கள். அப்படிப் பிரித்ததற்கு வலுவான காரணம் இருந்தது. மனச்சோர்வு நோயைக் கண்டறியும் வழக்கமான வினாத்தாள்கள் களைப்பு, தூக்கக் கேடு, பசி மாற்றம், கவனக் குறைவு ஆகியவற்றைக் கேட்கும். சர்க்கரை ஏறி இறங்கும் உடலில் இந்த நான்குமே மனச்சோர்வு இல்லாமலும் வரும். போலோன்ஸ்கி கேட்டது வேறு: இந்த நோயோடு வாழ்வதில் உனக்கு எது, எவ்வளவு பிரச்சினையாக இருக்கிறது? நோயுற்ற மனத்தைத் தேடாமல், கடினமான வாழ்க்கைக்கு ஒரு சாதாரண மனம் காட்டும் எதிர்வினையை அளந்தார்.

அவர் குழு உருவாக்கிய 'பெய்டு' என்ற அளவுகோல் எளிமையானது. 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 'பிரச்சினையே இல்லை' என்றால் 0, 'கடுமையான பிரச்சினை' என்றால் 4. கூட்டுத்தொகையை 1.25ஆல் பெருக்கினால் நூற்றுக்கு இத்தனை என்று வரும். 40ஐத் தொட்டால் உளைச்சல் அதிகம் என்று பொருள். ஆனால் இந்தக் கருவியின் உயிர் கூட்டுத்தொகையில் இல்லை, தனித்தனிப் பதில்களில் இருக்கிறது. இரண்டு இளைஞர்கள் 45 வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர், தூக்கத்தில் சர்க்கரை தாழ்ந்துவிடுமோ என்ற கேள்விக்கு 4 போட்டிருக்கிறார். மற்றவர் அதற்கு 0 போட்டுவிட்டு, வீட்டார் ஓயாமல் நச்சரிக்கிறார்கள் என்பதற்கு 4 போட்டிருக்கிறார். முதலாமவருக்கு இரவு இன்சுலின் அளவை மாற்றினாலே பாதிச் சுமை இறங்கும். இரண்டாமவருக்கு எந்த மருந்தை மாற்றியும் பயனில்லை. வீட்டில் பேச்சு மாற வேண்டும். இருவரின் எச்பிஏ1சியும் 8.8 ஆக இருக்கலாம். அந்த எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இருவரும் ஒரே நோயாளி.

பெற்றோருக்கு ஏன் தனித் தாள்?

பெரியவர்களுக்கான கேள்விகள் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. நண்பர்கள் முன்னால் ஊசி போடும் கூச்சமும் அப்பாவின் கண்காணிப்பும் நாற்பது வயதுக்காரரின் தாளில் இருக்காது. எனவே பதின்பருவத்தினருக்காக 26 கேள்விகள் கொண்ட தனி அளவுகோல் 2011இல் வெளிவந்தது; பெற்றோருக்கான 18 கேள்வித் தாள் 2012இல் வந்தது. 2016இல் வெளியான மற்றொரு பெற்றோர் அளவுகோல் சுமையை நான்காகப் பிரித்துக் கேட்கிறது: பெற்றோரின் சொந்தக் கவலை, பிள்ளை நோயைக் கையாளும் விதம், பிள்ளையோடு உள்ள உறவு, மருத்துவக் குழுவோடு உள்ள உறவு. பதின்பருவத்தினர் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உளைச்சல் உயர்ந்த நிலையில் இருப்பதாகக் கண்டது. பெற்றோர் பற்றிய 2012ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில், நோய் கண்டறியப்பட்ட காலத்தில் சராசரியாக 33.5 சதவீதம் பேரும், ஒன்று முதல் நான்கு ஆண்டுகள் கழித்தும் 19 சதவீதம் பேரும் உளவியல் துன்பத்தில் இருந்தார்கள்.

பிள்ளையைக் கேட்டால் போதாதா, தாயைக் கேட்டால் பிள்ளையின் மனம் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். தெரியாது, ஏனென்றால் இருவரும் பயப்படுவது வெவ்வேறு விஷயங்களுக்கு. நடு இரவில் எழுந்து பிள்ளையின் நெற்றி வியர்த்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் தாய்க்கு, சர்க்கரை தாழ்ந்துவிடுமோ என்ற திகில். மறுநாள் வகுப்பில் எல்லோரும் பார்க்க பையிலிருந்து குளுக்கோமீட்டரை எடுக்க வேண்டுமே என்பது மகளின் பயம். இரண்டு பயங்களும் மோதும்போது நல்லெண்ணமே சண்டையாகிறது. தாய் 'செக் பண்ணினியா?' என்று ஏழாவது தடவை கேட்பார். மகள் பரிசோதிக்காமலே ஒரு நல்ல எண்ணைச் சொல்லிவிடுவாள். பொய் தெரிந்ததும் கண்காணிப்பு இரட்டிக்கும். உதவியே உபத்திரவமாகிப்போகும் இந்தச் சுழலை பார்பரா ஆண்டர்சனும் ஜேம்ஸ் கோய்னும் 1990களின் தொடக்கத்திலேயே விவரித்தார்கள். இங்கே இருவரில் ஒருவரை மட்டும் அளந்தால் மற்றவர் குற்றவாளியாகத் தெரிவார். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் சுழல் கண்ணுக்குப் புலப்படும்.

மறுப்புகளும் பதில்களும்

முதல் மறுப்பு மருத்துவர்களிடமிருந்து வருவது: சர்க்கரை கட்டுக்குள் வந்தால் மனமும் தானே சரியாகிவிடும். எச்பிஏ1சிக்கு இவ்வளவு மரியாதை வந்ததற்கு நியாயமான வரலாறு உண்டு. 1,441 பேரைப் பின்தொடர்ந்து 1993இல் முடிவுகளை வெளியிட்ட அமெரிக்க ஆய்வு, தீவிரச் சிகிச்சையால் சர்க்கரையைக் குறைத்தவர்களில், அதுவரை விழித்திரை பாதிக்கப்படாதோருக்கு அந்தப் பாதிப்பு வரும் அபாயம் 76 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. ஆனால் அதே ஆய்வில், தீவிரச் சிகிச்சை பெற்றவர்களுக்குக் கடுமையான தாழ்சர்க்கரை ஏறத்தாழ மூன்று மடங்கு நேர்ந்தது. இன்றைய மருந்துகளும் கருவிகளும் அந்த ஆபத்தைக் குறைத்திருக்கின்றன. பயம் வீடுகளை விட்டுப் போகவில்லை. மேலும், அந்த எண் பிள்ளையின் ஒழுக்கத்துக்கு மதிப்பெண்ணும் அல்ல. பருவ வயதில் உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்குவதில்லை என்பது 1986இலேயே நிறுவப்பட்டது. போன வருடம் போட்ட அதே அளவு ஊசிக்கு இந்த வருடம் சர்க்கரை ஏறுகிறது என்றால், வளர்ச்சி ஹார்மோனுக்கும் அதில் பங்கு உண்டு. சரியாகச் செய்தும் எண் ஏறி, அதற்குத் திட்டும் வாங்கும் பிள்ளை அடுத்து எடுக்கும் முடிவு, அளப்பதையே நிறுத்துவதாக இருக்கலாம்.

இரண்டாவது மறுப்பு கனமானது: நூறு பேர் காத்திருக்கும் புறநோயாளிப் பிரிவில் இதற்கு நேரமேது, உளவியலாளர்தான் எங்கே? இதற்கு நெதர்லாந்திலிருந்து ஒரு பதில் இருக்கிறது. 2008இல் வெளிவந்த ஆய்வில், நான்கு மையங்களைச் சேர்ந்த 91 பதின்பருவத்தினர் பங்கேற்றார்கள். ஒரு பகுதியினர் வழக்கமான வருகைக்கு முன் வாழ்க்கைத்தரம் குறித்த வினாத்தாளை நிரப்பினார்கள். மருத்துவர் அந்தப் பதில்களை வைத்து அவர்களோடு பேசினார். தனி உளவியல் சிகிச்சை எதுவும் தரப்படவில்லை. ஓராண்டு முடிவில் அவர்களின் மனநலம் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது. அளந்து, காதுகொடுத்துக் கேட்டதே பலன் தந்தது. நம் ஊரில் வரிசையில் காத்திருக்கும் நேரமே தாளை நிரப்பப் போதும். 4 போட்ட கேள்வி எது என்று பார்த்து அதைப் பற்றி மட்டும் பேசுவதைப் பயிற்சி பெற்ற செவிலியரோ நீரிழிவு ஆலோசகரோ செய்யலாம். அதற்கும் மேல் தேவைப்படுவோரை மனநல மருத்துவரிடம் அனுப்பலாம். 2022 முதல் இயங்கும் டெலி மனஸ் சேவையின் 14416 என்ற எண்ணையும் கையில் கொடுக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தென்பட்டால் அது வினாத்தாளின் எல்லையைக் கடந்த விஷயம். அன்றே மனநல மருத்துவர் பார்க்க வேண்டும்.

நெதர்லாந்து ஆய்வின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. அந்த ஓராண்டில் எச்பிஏ1சி குறையவில்லை. ஆய்வு முடிந்து, வினாத்தாளும் உரையாடலும் நின்றபின் பார்த்தபோது மனநலத்தில் கிடைத்த ஆதாயமும் கரைந்திருந்தது. 'அப்படியானால் வீண்தானே' என்று சிலர் முடிப்பார்கள். எனக்கு இதிலிருந்து இரண்டு பாடங்கள் தெரிகின்றன. ஒன்று, சர்க்கரையைக் குறைக்கும் தந்திரமாக மன அளவீட்டை விற்கக் கூடாது. துன்பத்தைக் குறைப்பது தன்னளவிலேயே சிகிச்சையின் நோக்கம். பல்வலிக்கு மருந்து கொடுக்கும்போது அது ரத்த அழுத்தத்தைக் குறைத்ததா என்று நாம் கேட்பதில்லை. இரண்டு, நிறுத்தினால் பலன் போய்விடுகிறது என்பது தொடர்ந்து செய்ய வேண்டும் என்பதற்கான வாதம்தான். இன்சுலினை நிறுத்தினாலும் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

மூன்றாவது மறுப்பு வீடுகளில் எழுவது: சும்மா இருக்கும் பிள்ளையிடம் பயம் இருக்கிறதா என்று கேட்டு, இல்லாததைக் கிளப்பிவிடுவானேன்? மேற்சொன்ன ஆய்வே இதற்குப் பதில். கேட்கப்பட்ட பிள்ளைகளின் மனநிலை மோசமாகவில்லை, மேம்பட்டது. பிள்ளைகள் உண்மையை எழுதுவார்களா என்ற சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. அம்மா தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கும்போது எந்தப் பிள்ளையும் அம்மாவின் நச்சரிப்புக்கு 4 போடாது. ஆகவே இருவரும் தள்ளித் தள்ளி அமர்ந்து எழுத வேண்டும். பிள்ளையோடு சில நிமிடங்களாவது தனியாகப் பேச வேண்டும். எதை வீட்டில் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று பிள்ளையிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பாஸ்டனில் பிறந்த கேள்விகளை அப்படியே மொழிபெயர்த்தாலும் போதாது. பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது நோயைச் சொல்வதா மறைப்பதா, பள்ளியில் யாருக்குத் தெரியலாம், மாதாமாதம் பரிசோதனைப் பட்டைகளுக்கு ஆகும் செலவு என்று நம் வீடுகளை அரிக்கும் கவலைகள் அந்தத் தாளில் இடம்பெற்று, நம் பிள்ளைகளிடமே சோதித்துப் பார்க்கப்பட வேண்டும்.

ஆக, செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள காரியமல்ல. எச்பிஏ1சி பார்க்கும் அதே நாளில் இரண்டு தாள்கள், ஒன்று பிள்ளைக்கு, ஒன்று பெற்றோருக்கு. பார்க்க ஒருவர், பேசச் சில நிமிடம். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. நிரப்பிய தாளை யாரும் படிக்காமல் கோப்பில் செருகுவதாக இருந்தால் கேட்காமலே இருந்துவிடலாம். தன் பயத்துக்கு 4 போட்ட பிள்ளை, அடுத்த அறையில் மருத்துவர் மீண்டும் "என்ன சாப்பிட்ட?" என்றே தொடங்கினால், இங்கே உண்மையைச் சொல்லிப் பயனில்லை என்று கற்றுக்கொள்ளும். அப்படிக் கற்றுக்கொண்ட பிள்ளை அடுத்த முறை மனச்சுமைத் தாளிலும் பொய் எழுதும், சர்க்கரை நோட்டிலும் பொய் எழுதும். பிறகு எந்த அளவீட்டை நம்பி மருத்துவர் இன்சுலின் அளவைத் தீர்மானிப்பது?