பிரித்தானிய இரட்டைக்குழல் ரைபிள்களின் தாழ் முறைகள்

இரட்டைக்குழல் ரைபிள் என்பது பக்கவாட்டில் இணைந்த இரு குழல்களைக் கொண்டதும், கீலில் மடித்துத் திறந்து தோட்டா இடப்படுவதுமான வேட்டைத் துப்பாக்கி ஆகும். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியத் துப்பாக்கி செய்வோர் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பெருவிலங்கு வேட்டைக்காக இவ்வகையை மேம்படுத்தினர். சுடும்போது திறந்துகொள்ளாதபடி குழல்களை உடற்பகுதியுடன் பிணைக்கும் பொறியமைப்பு தாழ் எனப்படும்.

தேவை

தோட்டா வெடிக்கும்போது அதன் அடிப்பகுதி துப்பாக்கியின் பின்சுவரைப் பின்னோக்கித் தள்ளுகிறது. இவ்விசை கீலுக்கு மேலே செயற்படுவதால், குழல்களையும் பின்சுவரையும் பிரிக்கும் திருப்புதிறன் உண்டாகிறது. தாழ் இதனை எதிர்க்கிறது. தாழ் தவறினால் வெடிவளி சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயக்கூடும்.

முக்கிய வகைகள்

ஜோன்ஸ் கீழ்நெம்புகோல்: பர்மிங்காமைச் சேர்ந்த ஹென்றி ஜோன்ஸ் 1859 இல் காப்புரிமை பெற்றார். விசைக்காப்பின் கீழுள்ள நெம்புகோலைத் திருப்பினால், குழலடி முளையின் சாய்ந்த வெட்டுகளில் தாழ் நுழைந்து, திருகாணியைப் போல் குழல்களை இறுக்குகிறது. இது மெதுவானது, ஆயினும் மிக உறுதியானது.

பர்டி இரட்டை அடித்தாழ்: இளைய ஜேம்ஸ் பர்டி 1863 இல் காப்புரிமை பெற்றார். குழல்களை மூடியதும் வழுக்குத் தாழ் ஒன்று சுருள்வில்லின் விசையால் முளையின் இரு வெட்டுகளில் தானாக நுழைகிறது. பின்னர் இது ஸ்காட்டின் 1865 ஆம் ஆண்டு மேல்நெம்புகோலுடன் இணைக்கப்பட்டுப் பரவலானது.

மேல்நீட்சித் தாழ்கள்: இவற்றில் குழல்களின் பின்முனையிலுள்ள நீட்சி பின்சுவரின் மேற்பகுதியில் பொருந்துகிறது. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தின் ‘பொம்மைத்தலை’ (1862) உருண்ட தலையால் பிடித்துக்கொள்கிறது. கிரீனரின் முறையில் (1865) நீட்சியின் துளை வழியே குறுக்குத்தாழ் செல்கிறது. ரிக்பி-பிசெல் முறையில் (1879) செங்குத்துத் தாழ் கீழிருந்து எழுகிறது.

கார்டைட் காலம்

1898 இல் ரிக்பி நிறுவனம் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவை அறிமுகப்படுத்தியது. புகை குறைந்த கார்டைட் வெடிமருந்தைக் கொண்ட இது, சுமார் 31 கிராம் குண்டினை நொடிக்கு ஏறத்தாழ 655 மீட்டர் விரைவில் செலுத்தியது. கருமருந்துத் தோட்டாக்களைவிட இதன் அழுத்தம் மிகுதி என்பதால் தாழின் வலிமை முதன்மை பெற்றது.

பொருத்தமும் தேய்மானமும்

தாழ்களின் எண்ணிக்கையைவிட அவற்றின் பொருத்தமே முக்கியமானது. கைவினைஞர்கள் விளக்குப்புகையைப் படியவைத்து, உராயும் இடங்களைக் கண்டறிந்து அரத்தால் தேய்த்துப் பொருத்தினர். தேய்ந்த துப்பாக்கியில் குழலுக்கும் பின்சுவருக்கும் இடையே ஒளி தெரியலாம். மூடிய நிலையிலும் குழல்கள் அசையலாம். இத்தகையவற்றைப் பழுதுநீக்காமல் சுடுதல் ஆபத்தானது. கருமருந்துக்காகச் செய்யப்பட்ட ரைபிளில் கார்டைட் தோட்டாவைப் பயன்படுத்துவதும் அவ்வாறே ஆபத்தானது.